இரண்டு பக்கமும் பார்க்காமல் 'கட்' அடிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் 'மாஷா அல்லாஹ்' என்று கொமென்ட் போட்டுவிட்டுப் போகாமல், சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் ஆட்களின் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கடைக் கணக்குக் கொப்பி, கல்யாணப் படம் என்று வந்தது எல்லாவற்றையும் சேர்க்கிறோம். புத்தளத்தில் இருக்கிறவர்கள் அங்கேயே ஸ்கேன் செய்து ஒரு பென் ட்ரைவில் அனுப்பினார்கள். அதில் 212 பைல். யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்தது இன்னொரு பென் ட்ரைவில் 187 பைல். இரண்டையும் ஒரே கம்பியூட்டரில், ஒரே போல்டரில் போட்டோம். கூட்டிப் பாருங்கள்: 399 இருக்க வேண்டும். இருந்தது 212.

என்ன நடந்தது என்று விளங்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டு ஸ்கேனரும் பைலுக்கு ஒரே மாதிரித்தான் பெயர் வைத்திருக்கின்றன: ஸ்கேன் 0001, ஸ்கேன் 0002 என்று வரிசையாக. முதலில் புத்தளத்து 212ஐயும் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்தோம். பிறகு யாழ்ப்பாணத்து 187ஐயும் அதே மாதிரிக் 'கட்', 'பேஸ்ட்'. நடுவில் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது: இதே பெயரில் ஏற்கனவே பைல் இருக்கிறது, மாற்றவா? 'றிப்ளேஸ்' என்பதுதான் முதலாவதாக நின்றது. மஃரிபுக்கு பாங்கு சொல்லப்போகிற நேரம். அழுத்தியாயிற்று. ஒன்றிலிருந்து 187 வரை புத்தளத்துப் பைல்கள் எல்லாவற்றுக்கும் மேலே எங்களுடையவை ஏறிக்கொண்டன. 188 முதல் 212 வரையான 25 மட்டும் தப்பின.

ரீசைக்கிள் பின்னில் தேடினோம். அங்கே இருக்காது. அழித்த பைல்தான் அங்கே போகும். மேலெழுதப்பட்ட பைல் போகாது. பென் ட்ரைவிலாவது மிச்சம் இருக்குமா என்று பார்த்தால், 'கட்' செய்ததால் அங்கும் இல்லை. அழிந்த பைலை மீட்கிற மென்பொருள்கள் உண்டு. ஆனால் அதே பென் ட்ரைவில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால்தான் அவற்றை நம்பலாம். அதைக் கொண்டு வந்த தம்பி அதற்குள் ஒரு கல்யாண வீடியோவை அதில் நிரப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலியாக இருக்கிற பென் ட்ரைவில் யாரும் எதையும் போடுவார்கள்.

பாதிக்கு மேல் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். மிச்சம் வராது. ஒரு பெரியவர் தன் வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பியை முதன்முதலாக வெளியே எடுத்துத் தந்திருந்தார். ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்த பிறகு அவர் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் வீட்டைத் துப்புரவாக்கும்போது, "அதுதான் கம்பியூட்டரில் ஏற்றியாயிற்றே" என்று அந்தக் கறையான் அரித்த கொப்பியை எறிந்துவிட்டார்கள். எங்களை நம்பித்தான் எறிந்தார்கள்.

'கட்' அடித்தது எங்கள் கை. ஆகையால் இந்தப் பதிவு முதலில் எங்களுக்கு எதிரானது. ஆனால் எங்களோடு நிற்கப்போவதில்லை.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியாலம் தந்து வெளியே போகச் சொன்னபோது எங்கள் ஆட்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 பேர். உறுதிகள் அலுமாரியில் இருந்தபடியே போயின. பள்ளிக்கூட இடாப்புகள் போயின. அதற்கு ஒன்பது வருடத்துக்கு முதல், 1981இல், இதே ஊரில் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. அது எங்களுக்கும் சேர்ந்த நூலகம்தான். அதையெல்லாம் மற்றவர்கள் எங்களுக்குச் செய்தார்கள் என்று மேடையிலும் பேஸ்புக்கிலும் வருடா வருடம் கதைக்கிறோம். சரி, கதைக்கத்தான் வேண்டும். இந்த 187ஐ யார் செய்தது?

எங்கள் கட்சி இதுதான். ஊரின் பொதுப் பைல்களைக் கையாளுகிற எவரும், போல்டருக்குப் போல்டர் பைல் நகர்த்தும்போது, எங்கிருந்து போகிறது, எங்கே போகிறது என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஜன்னலை நடுவில் பிரித்து, இடப்பக்கம் ஒரு போல்டர், வலப்பக்கம் மற்றப் போல்டர் என்று காட்டுகிற வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. அதைப் பாவிக்கத் தெரியாதவரிடம் ஊர் பென் ட்ரைவைக் கொடுக்கக் கூடாது. அவர் நிர்வாக சபைத் தலைவராக இருந்தாலும் சரி, எங்களைப் போல சேர், ரீச்சர் என்று இருந்தாலும் சரி.

"இவ்வளவு சின்ன விசயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவோ?" என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் கடைக்காரர்? தராசின் ஒரு தட்டைத் துணியால் மூடிவிட்டு மற்றத் தட்டை மட்டும் பார்த்து நிறுக்கிற முதலாளியிடம் நீங்கள் சீனி வாங்குவீர்களா? நாங்கள் பைல் நகர்த்துவது அப்படித்தான். ஒரு போல்டரைத் திறந்து 'கட்' அடிக்கிறோம். அதை மூடுகிறோம். அடுத்ததைத் திறந்து 'பேஸ்ட்' அடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது, எத்தனை இருந்தது என்பது தலைக்குள் மட்டும்தான். தலைக்குள் அந்த நேரம் மின்வெட்டுப் பயமும் பாங்குச் சத்தமும் வீட்டிலிருந்து வந்த போன் அழைப்பும் சேர்ந்து இருக்கும்.

இடப்பக்கம் 187, வலப்பக்கம் 212 என்று பக்கத்துப் பக்கமாகத் தெரிந்திருந்தால், இரண்டு பட்டியலும் ஸ்கேன் 0001 என்றே தொடங்குவதை எங்கள் தரம் 6 பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

இதில் விண்டோஸின் குணத்தையும் சொல்ல வேண்டும். மவுஸால் ஒரு பைலை இழுத்து இன்னொரு போல்டரில் போடுகிறீர்கள். இரண்டு போல்டரும் ஒரே ட்ரைவில் இருந்தால் அது நகர்த்தும். பழைய இடத்தில் பைல் இருக்காது. வேறு வேறு ட்ரைவ் என்றால் கொப்பி எடுக்கும். பழைய இடத்திலும் இருக்கும். கையின் அசைவு ஒன்றுதான், விளைவு இரண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் எப்போதும் கொப்பி, ஷிப்ட் விசையோடு இழுத்தால் எப்போதும் நகர்வு என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து வருடமாகக் கம்பியூட்டர் வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டோம். "இழுத்தால் போகும், அவ்வளவுதான்" என்றார். எங்கே போகும் நானா?

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் அதற்கு நல்ல பெறுபேறு எடுக்கிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். கோப்பு என்றால் என்ன, கோப்புறை என்றால் என்ன என்று வரைவிலக்கணம் எழுதுவார்கள். ஒரு பென் ட்ரைவில் இருக்கிற நூறு படத்தை ஒன்றும் குறையாமல் கம்பியூட்டருக்கு மாற்றி, குறையவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். முழிப்பார்கள். பிள்ளைகளைச் சொல்லி என்ன, கற்பித்தது நாங்கள்தானே. பரீட்சையில் வராததைக் கற்பிப்பதில்லை என்ற நோய் எங்களுக்கும் இருக்கிறது.

அடுத்தது நிர்வாகங்கள். இதை எழுதினால் சிலர் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பினால் ஸ்கேனர் வாங்குகிறோம், திறப்பு விழா வைக்கிறோம், றிபன் வெட்டுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். ஸ்கேனரில் ஏறிய பைல் அதன் பிறகு எங்கே போகிறது, யார் எண்ணுகிறார், இரண்டாவது பிரதி எங்கே என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "அது பொடியன் பார்த்துக்கொள்வான்." எந்தப் பொடியன்? அவன் கட்டாருக்குப் போய் ஆறு மாதம். பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது.

சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தைக் குத்பாவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிவை, சாட்சி வை என்று விளக்கமாகச் சொல்லப்பட்ட சமூகம் நாங்கள். அடுத்தவரின் உறுதிப் பிரதி எங்கள் கம்பியூட்டரில் இருந்தால் அது அமானிதம். ஒருவரிடம் வாங்கி இன்னோரிடத்தில் வைக்கிறோம். அந்த இடத்தில் சாட்சியில்லாமல் செய்கிறோம். இதற்கு ஃபத்வா தேவையில்லை. கொஞ்சம் வெட்கம் போதும்.

இந்த இரட்டைப் பக்கம் புது நாகரிகம் ஒன்றும் இல்லை. 1986இலேயே, விண்டோஸ் வீடுகளுக்கு வருவதற்கு முந்திய டொஸ் காலத்தில், ஜோன் சோக்கா என்பவர் எழுதிய நோர்ட்டன் கொமாண்டர் வந்துவிட்டது. நீலத் திரை, இடமும் வலமும் இரண்டு பட்டியல், எஃப்5 என்றால் கொப்பி, எஃப்6 என்றால் நகர்வு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கீஸ்லர் 1993இல் அதே மாதிரி விண்டோஸுக்குச் செய்ததுதான் இன்று டோட்டல் கொமாண்டர் என்று இருக்கிறது. அந்த எஃப்5உம் எஃப்6உம் இன்றும் மாறவில்லை. முப்பது, நாற்பது வருடமாக ஒரு ஒழுங்கு மாறாமல் இருக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது.

மாறாக விண்டோஸோடு வருகிற எக்ஸ்புளோரரில், இரண்டு போல்டரை ஒரே ஜன்னலுக்குள் பக்கத்துப் பக்கமாகக் காட்டும் வசதி இன்றுவரை இல்லை. 2022இல் விண்டோஸ் 11க்கு 'டேப்' வசதி வந்தபோது, "இனிமேல் பிரச்சினை இல்லை" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் எழுதினார். டேப் என்பது ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது. தராசின் எந்தத் தட்டை மூடுவது என்று தெரிவுசெய்யும் உரிமை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

லினக்ஸ் பக்கமும் ஒரு கதை உண்டு. க்னோம் என்ற திரைச்சூழலின் பைல் மேலாளரில் எஃப்3 அழுத்தினால் இரண்டாகப் பிரியும். 2012இல் எளிமைப்படுத்துகிறோம் என்று அதை எடுத்துவிட்டார்கள். பாவித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. லினக்ஸ் மின்ட்காரர்கள் பழைய நிரலை எடுத்து நீமோ என்று தனியாகவே நடத்தத் தொடங்கினார்கள். அதில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது. கேடிஈயின் டொல்பினிலும் அதே எஃப்3தான். கொஞ்சப் பேருக்குத்தான் தேவை என்று சொல்லி ஒன்றை அகற்றுவதும், அந்தக் கொஞ்சப் பேர் வேறிடத்தில் போய் அதைக் கட்டியெழுப்புவதும் எங்களுக்கு விளங்காத கதையா?

இனி, வரப்போகிற கொமென்ட்களுக்கு இப்போதே பதில்.

"எல்லாம் போனில் இருக்கிறது, கம்பியூட்டர் எதற்கு?" வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். உறுதியின் சின்ன எழுத்து, பதிவு இலக்கம், முத்திரையில் இருக்கிற வருடம் எல்லாம் மங்கிப்போகும். எடுத்த திகதி போன்ற விபரங்களும் படத்திலிருந்து கழன்றுவிடும். அதோடு, அண்ட்ரொய்ட் போனில் அது வைக்கிற பெயர் திகதியும் ஒரு வரிசை இலக்கமும்தான். ஒரே நாளில் இரண்டு போனுக்கு வந்த வேறு வேறு படங்களுக்கு ஒரே பெயர் அமையலாம். இரண்டு போனையும் ஒரே போல்டரில் கொட்டினால் எங்கள் 187இன் கதைதான்.

"கிளவுட்டில் போட்டால் சரி." போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இங்கே மேலெழுதியதை அது அங்கேயும் மேலெழுதும். அது கண்ணாடி மாதிரி. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரி. பழைய பிரதியைக் கொஞ்ச நாள் வைத்திருக்கிற சேவைகள் உண்டு. நாங்கள் தவறைக் கண்டுபிடிக்கிற வேகத்துக்கு அது காத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

"கவனமாகச் செய்தால் போதும்." நாங்கள் கவனமானவர்கள்தான். அன்றும் கவனமாகத்தான் இருந்தோம். கவனம் என்பது ஒரு முறை இல்லை. கவனம் சிதறுகிற நேரத்திலும் பிழை கண்ணில் படுகிற மாதிரி மேசையை ஒழுங்குபடுத்துவதுதான் முறை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். இரட்டைப் பக்கத்திலும் பிழை விடலாம். எந்தப் பக்கத்தில் உங்கள் கர்சர் நிற்கிறதோ அங்கிருந்துதான் கொப்பி போகும், அங்கேதான் அழியும். பக்கம் மாறி எஃப்8ஐ அழுத்தினால் வேண்டியதையே அழித்துவிடுவீர்கள். அதனால் எங்கள் மேசையில் ஒரு சட்டம்: வருவது எப்போதும் இடம், சேர்வது எப்போதும் வலம். வேலை முடியும்வரை மாற்றுவதில்லை.

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறோம். டபுள் கொமாண்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நிறுவாமலே பென் ட்ரைவில் வைத்துப் பாவிக்கிற பிரதியும் உண்டு. பாடசாலைக் கம்பியூட்டரில் நிறுவ அனுமதி இல்லை என்ற சாட்டும் இனிச் செல்லாது. பழைய இயந்திரத்திலும் ஓடுகிறது.

முதலில் இடப்பக்கத்தில் வந்த பென் ட்ரைவைத் திறக்கிறோம். எதையும் தொடுவதற்கு முன் எத்தனை பைல் என்று கொப்பியில், பேனாவால், எழுதுகிறோம். பிறகு பெயர் மாற்றம். கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் எல்லாப் பைலுக்கும் ஒரேயடியாகப் பெயர் மாற்றுகிற ஜன்னல் வரும். எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன பத்திரம், என்ன வருடம், எத்தனையாவது பக்கம் என்று பெயர் இருக்க வேண்டும். புத்தளம்_விடுகைப்பத்திரம்_1978_01 என்ற பைலின் மேல் சோனகதெரு_உறுதி_1964_01 ஒருநாளும் ஏறாது. அன்று இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

பிறகு எஃப்5, கொப்பி மட்டும். எஃப்6ஐ மறந்துவிடுங்கள், பொது வேலையில் நகர்த்துவது என்ற ஒன்று இல்லை. ஒரே பெயர் இருக்கிறது என்று கேட்டால் அழுத்துவதற்கு முன் கையை எடுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். விண்டோஸிலேயே செய்கிறவர்களுக்கும் இதுதான்: ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் தெரிவுக்குப் போய் இரண்டு பைலுக்கும் சரி அடையாளம் போட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளும், ஒன்றின் பெயரோடு இலக்கம் சேர்த்துவிடும். அந்த வழி அன்றும் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது.

கடைசியாக ஒப்பிடுதல். எல்லோரும் விடுவது இதைத்தான். டபுள் கொமாண்டரில் இரண்டு போல்டரையும் ஒத்திசைக்கும் ஜன்னல் இருக்கிறது. அதில் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடு என்ற தெரிவைப் போட்டு ஓட விடுங்கள். பெயரையும் திகதியையும் மட்டும் பார்க்காமல் பைலுக்குள் இருப்பதையே பார்த்து, ஒத்தவற்றுக்குச் சமன் குறி போடும். எல்லாவற்றுக்கும் சமன் வந்தால் கொப்பியில் எழுதிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கையொப்பம். சமச்சீரற்ற என்று ஒரு தெரிவும் அங்கே இருக்கும். அதைத் தொட வேண்டாம்; இடப்பக்கம் இல்லாததை வலப்பக்கத்திலிருந்து அழிக்கச் சொல்வது அது. ஒப்பிட்டு முடித்ததும் ஜன்னலை மூடிவிடுங்கள், ஒத்திசைக்கத் தேவையில்லை.

எதையும் நிறுவ விருப்பமில்லாதவர்கள் ஆகக் குறைந்தது இரண்டு ஜன்னலைத் திறந்து, விண்டோஸ் விசையோடு இட அம்புக்குறி, மற்றதற்கு வல அம்புக்குறி அழுத்துங்கள். திரை இரண்டாகும். ஒப்பிடும் வசதி இருக்காது, ஆனால் இரண்டு தட்டும் தெரியும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கம்பியூட்டர் அறை திறந்திருக்கும். பெண்களுக்கு ஞாயிறு காலை, ரீச்சர்மார் இருப்பார்கள். புத்தளத்திலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் மிச்சமாக என்ன இருந்தாலும் எடுத்து வாருங்கள், கறையான் தின்றதையும் சேர்த்து. ஸ்கேன் ஆகிவிட்டது என்று யாரும் எதையும் எறிய வேண்டாம். பென் ட்ரைவில் கொண்டு வருகிறவர்கள் வீட்டுக் கம்பியூட்டரிலிருந்து 'கட்' செய்து கொண்டு வராதீர்கள். கொப்பி எடுத்துக் கொண்டு வாருங்கள்.